மாமா மாட்ட மறுத்த மூக்கு

எங்கள் ஊரில் யூதரைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஆனால் யூதர் எப்படி இருப்பார் என்று கேட்டால் பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும். கழுகின் அலகு போல வளைந்த மூக்கு, கத்தாழை நாரில் கருஞ்சாயம் ஏற்றிய தாடி, நடந்தால் கலகலக்கிற பணப்பை. பைக்குள் இருந்தவை சோடா மூடிகள். மூக்கு, பழைய செய்தித்தாளைப் புளியங்கொட்டைப் பசையில் ஊறவைத்துச் செய்தது. ஆண்டு முழுக்க அது கோயில் சாமான் அறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அந்துருண்டையோடு கிடக்கும். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே வந்து என் தாய்மாமாவின் முகத்தில் ஏறிக்கொள்ளும்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களை ஒட்டிய கத்தோலிக்க ஊர் எங்களுடையது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி வழிபாடு முடிந்ததும் கோயில் மைதானத்தில் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். வெயில் இறங்கும்போது நாடகமும் முடியும். அதில் ஆண்டவரைக் கொல்லச் சொல்கிற யூதத் தலைமைக் குரு என் மாமா. அவர் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்தில் விட்டு, சாயங்காலம் திரும்ப இறக்கிக் கொண்டுவருவார். மலைத் திருப்பத்தில் நின்று அவர் சத்தம் போட்டால் அடுத்த திருப்பத்தில் வருகிற லாரி நிற்கும். அந்தக் குரலுக்காகத்தான் அவருக்கு அந்த வேடம்.

நாடகத்தைவிடப் பெரிய விஷயம் நாடகம் முடிந்த பிறகு நடக்கும். ஆண்டவரைக் கல்லறையில் வைத்தவுடன் யூதர் ஓடத் தொடங்குவார். பையன்கள் கண்மாய்க் களிமண்ணை உருட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கண்மாய்க் கரை வரை விரட்டி விரட்டி எறிவார்கள். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் மாமா குதிப்பார், இல்லாவிட்டால் சேற்றில் விழுவார். காலையிலிருந்து அழுது வீங்கிய முகங்களெல்லாம் அப்போதுதான் சிரிக்கும். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பையன்தான் எறியலாம் என்று ஒரு கணக்கு. யார் போட்ட கணக்கென்று தெரியாது. மாமாவே எங்களைக் கூட்டி வைத்துச் சொல்லுவார்: "முட்டிக்குக் கீழ எறிங்கலே. மேல பட்டுச்சுன்னா நாளைக்கு ஜீப்பு ஓட்ட ஆளில்ல. உங்க ஆத்தாமாரு மலைக்கு நடந்துதான் போகணும்."

நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமென்றால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். கபடி ஆட்டத்தில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், பாட்டு வகுப்பில் கடைசி வரிசை. உருண்டை எறிவதற்குப் பேச்சு வேண்டியதில்லை. நானும் மற்றப் பையன்களும் ஒன்று என்று ஆகப்போகிற நாள் அது. அதற்காக நான் நாலாம் வகுப்பிலிருந்தே காத்திருந்தேன்.

அந்த நாலாம் வகுப்பு ஆண்டில்தான் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெரியகுளத்துப் பக்கம் மாந்தோப்புக் குத்தகைக்காரர் ஒருவரின் மகள். தவக்காலத்தில் நிச்சயம், கல்யாணம் எதுவும் பேசக்கூடாது. அதனால் சும்மா விருந்தாளி போல நாடகம் பார்க்க வந்தார்கள், மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று. பார்த்தார்கள். ஈஸ்டர் கழிந்து தரகர் வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மோரை வாங்கிக் குடித்தபடி சொன்னார்.

"மாப்பிள்ளை நல்ல மனுசருன்னு அவுகளே சொன்னாக. ஆனா பொண்ணு அழுதுருச்சு. ஆண்டவரக் கொல்லச் சொன்ன முகத்தைப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு போடுறதுன்னு கேக்குதாம். வர்ற வருசம் அந்த வேசத்த விட்டுட்டா மேக்கொண்டு பேசலாங்கிறாக."

"விட்டுருவான், விட்டுருவான்," என்றாள் அம்மா அவசரமாக.

மாமா ஜீப்பின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "விடமாட்டேன்," என்றார்.

ஏன் என்று அம்மா எவ்வளவோ கேட்டாள். ஒருத்தன் செய்யத்தானே வேண்டும் என்பதற்கு மேல் அவரிடம் காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. பிடிவாதம் எங்கள் அம்மா வீட்டுச் சொத்து. காரணம் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

காரணம் கேபிள் வழியாக வந்தது. அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒருவர் மொட்டை மாடியில் பெரிய குடை ஒன்றைக் கவிழ்த்து வைத்து வீடு வீடாக ஒயர் இழுத்தார். கன்னியர் மடத்துப் பள்ளியில் டீச்சராக இருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இங்கிலீஷ் தெரிந்தவள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு டிவி அவள் கையில். அமெரிக்காக்காரர்கள் எடுத்த தொடர் ஒன்று அப்போது வரும். ஒல்லியாக ஒரு மனிதன், அவனுக்கு நொடிக்கொருதரம் போன் போடுகிற ஒரு அம்மா. அவர்கள் எதைச் சொன்னாலும் எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரிக்கும். எங்களுக்கு ஒன்றும் புரியாது. அந்தச் சிரிப்பைக் கேட்டு நாங்களும் சிரிப்போம்.

ஒருநாள் அந்த வீட்டில் மேசைமேல் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ரொட்டியைத் துணி போட்டு மூடினார்கள். அந்த ஒல்லி மனிதன் உச்சந்தலையில் வட்டமாக ஒரு சின்னக் குல்லாய் வைத்துக்கொண்டான்.

"ஏய், இவுக யூதக் குடும்பம்," என்றாள் அத்தை.

சாப்பிட வந்திருந்த மாமா தட்டோடு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். "யாரு, இவனா? மூக்க எங்க காணோம்?"

"மூக்கு அவுக அவுக மூக்குதான் மச்சான். உங்க நாடகத்து மூக்கு டின்னுல கெடக்கு."

மாமா வெகுநேரம் அவனையே பார்த்தார். அவன் தாடி வைத்திருக்கவில்லை. பை எதுவும் கட்டியிருக்கவில்லை. அவனுடைய அம்மா பரிமாறப் பரிமாற வேண்டாம் வேண்டாம் என்று தட்டை மறைத்தான். "இவன் நம்ம சின்னமனூர் மில்லுக் கணக்குப்பிள்ளை மாதிரியில்ல இருக்கான்," என்றார் மாமா. அதில் அவருக்கு என்னவோ ஒரு கலவரம்.

அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அத்தை எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இப்ப என்ன சொன்னான்? அதுக்கு அவ என்ன சொன்னா?" என்று வரி வரியாகக் கேட்பார். அத்தைக்குப் பாதிதான் பிடிபடும், மீதியைத் தானே சேர்த்துக்கொள்வாள். எந்தத் தொடரில் யூதர் வருகிறார் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை ஆயிற்று. ஒன்றில் வக்கீலாக வந்தார், யாரையும் பேசியே மடக்கினார். ஒன்றில் டாக்டர். இன்னொன்றில் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கும் கருமி. பாதிப் பேர் எதற்கெடுத்தாலும் பயந்தார்கள். எல்லோருக்கும் அதே அம்மா.

மாமாவுக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை. "சிரிக்கிறது யாரு? ஒரு ஆளையும் காட்ட மாட்டேங்கிறாக."

"அது முன்னாடியே பிடிச்சு வச்ச சிரிப்பு. நாம எங்கன சிரிக்கணும்னு காட்டுறதுக்கு."

"நாடகம் நடத்துற நம்ம உபதேசியாரு திரைக்குப் பின்னால நின்னு துண்ட ஆட்டுவாரே, பயலுக எல்லாம் சிலுவையில அறை, சிலுவையில அறைன்னு கத்துவாங்களே, அது மாதிரியா?"

அத்தை டிவிச் சத்தத்தைக் குறைத்தாள். அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை போலும்.

பிறகு ஒரு ஞாயிறு ஒரு கிழவர் வந்தார். சிரிப்புச் சத்தமே இல்லாத தொடர் அது. அவர் சட்டைக் கையை மடக்கிவிட்டுப் பாத்திரம் கழுவினார். முன்கையில் எண் எழுதியிருந்தது. வருசநாட்டுப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போகும் வழியில் மரங்களின் பட்டையைச் சீவிக் காட்டிலாகாக்காரர்கள் எண் போட்டிருப்பார்கள். அதுபோல இருக்கிறதே என்று நான் சொன்னேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா வழக்கம்போல, "அது என்னா நம்பரு?" என்று கேட்டார். அத்தை டிவியை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். மாமாவும் பின்னாலேயே போனார். கிணற்றடியில் நின்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததில், யூதரை முகாமில் அடைத்து, கையில் நம்பர் குத்தி, லட்சம் லட்சமாகக் கொன்றார்கள் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. கடைசியில் மாமா வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

அடுத்த வாரம் அவர் அத்தையிடம் சண்டைக்குப் போவதுபோலக் கேட்டார்: "இங்கன நாம வில்லனாக்கி வச்சிருக்கோம். அங்கன கோமாளியாக்கி வச்சிருக்காக. இல்லாட்டி அழ வைக்கக் கொண்டாந்து நிறுத்துறாக. சும்மா ஒரு மனுசனா வந்துட்டுப் போகவே மாட்டானா?"

"சும்மா வந்துட்டுப் போனா டிவி யாரு மச்சான் பாப்பா?"

இப்போது என் மகள் கைப்பேசியில் அந்தமாதிரித் தொடர்கள் பார்க்கிறாள். கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. யூதர் வருகிறார் என்றால் நானும் எட்டிப் பார்ப்பதுண்டு. முன்பு வராதவர்களும் வருகிறார்கள். முழங்கால் மறையப் பாவாடை கட்டி, சொந்தக் கூட்டத்தை விட்டு ஓடிவந்த பெண். தாடியும் கறுப்புத் தொப்பியுமாக மகனுக்குப் பெண் தேடி அலைகிற தகப்பன். சில நேரம் சும்மா ஒரு மனிதர்கூட வந்துவிட்டுப் போகிறார். ஆனால் அந்த அம்மா மட்டும் இன்னும் போனை வைத்தபாடில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த அந்த ஆண்டுத் தவக்காலம் பிறந்தது. விபூதிப் புதன் கழிந்த ஞாயிறு கோயில் மைதானத்து வேப்பமரத்தடியில் உபதேசியார் வேடங்களைப் பிரித்துக் கொடுத்தார். பூசை இல்லாத நாட்களில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்வது, நாடகம் நடத்துவது எல்லாம் அவர்தான். மாமா பெயர் வந்ததும் மாமா எழுந்து நின்றார்.

"வேசம் கட்டுறேன். மூக்கு வேணாம். சோடா மூடியும் வேணாம்."

"மூக்கு இல்லாட்டி நீ யாருன்னு சனத்துக்கு எப்படிப்பா தெரியும்?"

"பேசுனாத் தெரியும்."

"தெரியாது. நம்ம சனத்துக்குக் காது கண்ணுலதான் இருக்கு."

"அப்ப ஆண்டவருக்கும் ஒரு மூக்கு வைங்க. அவுகளும் யூதருதானே. மாதாவுக்கு வைங்க, சீடப்பிள்ளைக பன்னெண்டு பேருக்கும் வைங்க. டின்னுல ஒண்ணுதான் கெடக்கு. மிச்சத்த நான் செஞ்சு தாரேன்."

ஆண்டவராக நடிக்கும் மளிகைக்கடைக்காரர் மகன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவப் போயி இதுல இழுக்குறியே! டிவி பாத்துக் கெட்டுப்போயிட்ட. நீ வேணாம்ப்பா. வேற ஆளப் போட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் எல்லோரும் தரையில் கிடந்த வேப்பம்பூவைப் பார்த்தார்கள். பெரியகுளத்துக் கதை ஊருக்கே தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் கல்யாணத்துக்கு யாராவது இருந்தார்கள். யூதராக நடிக்க இன்னொருவர் எங்கே கிடைப்பார்? வேறு வழியில்லாமல் உபதேசியார் அடுத்த பெயரைப் படித்தார். மாமா உட்கார்ந்தார்.

அன்றைக்கு வீட்டில் அம்மா அழுதாள். பெரியகுளத்துக்காரர்கள் இந்த ஆண்டும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கூறுகெட்டவனே, அந்த மூக்கு இருக்குறதாலதான் உன் மூஞ்சி கொஞ்சமாவது மறைஞ்சு கெடந்துச்சு. அதையும் கழட்டிட்டு உன் சொந்த மூஞ்சியோடயா நின்னு ஆண்டவரக் கொல்லச் சொல்லப்போற?"

"அதான்க்கா வேணும்," என்றார் மாமா.

"பொண்ணு வேணாமா?"

"அதுவும் வேணும்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நீயும் வர்ற. எம்பிள்ளையா. பேச ஒண்ணும் இல்ல, கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். யூதனுக்கும் பிள்ளகுட்டி உண்டும்ல."

எனக்கு அழுகை வந்தது. நாடகத்தில் நிற்க வேண்டுமே என்பது ஒரு பயம். ஆனால் கண்மாய்க் களிமண்ணை நான் ஏற்கெனவே உருட்டி, காய்ந்துபோகாமல் ஈரச்சாக்குப் போட்டு மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தேன். நாடகம் முடிந்த கையோடு கீழே குதித்துப் பையன்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு உருண்டைகளைக் கால்சட்டைப் பையிலேயே எடுத்துப் போனேன்.

பெரிய வெள்ளி வந்தது. மைதானம் நிறைய ஆட்கள். பெரியகுளத்துக்காரர்கள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கையில் செபமாலை இருந்தது. பெண் முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள்.

எங்கள் கட்டம் வந்தது. மாமா வெள்ளை வேட்டியும் தோளில் ஒரு போர்வையுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தார். கலகலக்கும் சத்தம் இல்லாததால் அவர் வந்ததே பலருக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், "ஏடி, ஜீப்புக்காரரு எதுக்கு மேடையில ஏறுறாக?" என்றாள். மாமா பேசத் தொடங்கும் முன் இரண்டு கைகளையும் விரித்துத் தோளைத் தூக்கினார். அந்த அமெரிக்கத் தொடரின் ஒல்லி மனிதன் செய்வானே, அதே மாதிரி. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். இத்தனை ஞாயிறு பார்த்ததில் உடம்பில் ஏறியிருந்தது. கேபிள் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பெரியவர்களுக்கும் தொற்றியது. பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவரைக் கட்டி நிறுத்தியிருக்கும்போது, ஊரே சிரித்தது. திரைக்குப் பின்னால் உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார்.

மாமாவின் உள்ளங்கை வேர்த்து என் கை வழுக்கியது. அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்தார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நின்றார்.

பிறகு பேசினார். மலைத் திருப்பத்துக் குரலில் அல்ல. ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் யாரையாவது ஒதுக்கி வைக்கும்போது ரொம்ப வருத்தப்பட்டுப் பேசுவார்களே, அந்தக் குரலில்: "எனக்கு அவரு மேல கோவமில்ல. ஊரு நல்லா இருக்கணும்ல. ஒருத்தரு போனா எல்லாரும் பொழச்சுக்கிருவோம்."

நாடக ஏட்டில் அந்த வசனம் அப்படி இருக்காது. உபதேசியார் எப்போதும்போலத் துண்டை ஆட்டினார். பையன்கள் கத்த வேண்டிய இடம். அவர்கள் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள், துண்டைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், "சிலுவையில அறை," என்றான். கொஞ்சம் பொறுத்து இன்னொருவன். மொத்தமாகக் கத்தும்போது யார் குரலும் யாருக்கும் தெரியாது. அன்று ஒவ்வொரு குரலும் தனித்தனியாக விழுந்தது. "ஆத்தாடி, அது எம்மகன்ல," என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னது மேடை வரை கேட்டது.

கல்லறைக் கட்டம் முடிந்தது. பையன்கள் மைதானத்து வாசலில் உருண்டையோடு தயாராக நின்றார்கள். மாமா ஓட வேண்டும். அவர் ஓடவில்லை. என் கையைப் பிடித்தபடியே படியிறங்கி, கண்மாய்ப் பக்கம் திரும்பாமல், நோன்பு இருந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் கொட்டகையைப் பார்த்து மெதுவாக நடந்தார். நடந்து போகிற ஆளை எப்படி விரட்டுவது என்று பையன்களுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே வந்தார்கள்.

"ஓடுங்க மாமா!" என்று ஒருவன் கெஞ்சினான்.

"கால் வலிக்குதுப்பா. நீங்க எறியுங்க."

"ஏலே, நீ தள்ளிப் போடா! நடுவுல நிக்காத!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நான் கையை உருவப் பார்த்தேன். மாமாவின் பிடி இறுகியது. மறுபடியும் உருவினேன். இன்னும் இறுகியது. ஒரு உருண்டை வந்து மாமாவின் குதிகாலுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. அவர் திரும்பவில்லை. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. கொட்டகையில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார்கள்.

பெரியகுளத்துக்காரர்கள் கஞ்சி குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்த கிழமை தரகர் வந்தார். இந்தத் தடவை மோர்கூட வேண்டாம் என்றார்.

"அந்த மூக்கு இருந்தப்ப நடிப்புன்னு தெரிஞ்சுச்சாம். இப்ப நெசம் மாதிரியே இருக்காம். இந்த எடம் அமையாது."

அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். மாமா, "அப்ப போன வருசத்தவிட இந்த வருசம் நல்லா நடிச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார். அடுத்த தவக்காலத்தில் வேப்பமரத்தடிக்கு முதல் ஆளாகப் போய் நின்றதும் அவர்தான். அதன்பிறகு எங்கள் ஊரில் யூதரை யாரும் விரட்டவில்லை. மாமாவுக்குப் பிற்பாடு அமைந்த பெண் கம்பத்துக்காரி. நாடகமே பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பெரிய வெள்ளியன்று எனக்கு மாமாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கால்சட்டைப் பையில் உருண்டைகள் நசுங்கி, சேறு தொடை வழியாக இறங்கியிருந்தது. பையன்கள் அன்றைக்கும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மா என் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் பதிந்த இடமெல்லாம் சிவந்து கிடந்தது. எறி படும் என்று பயந்து, மறைப்புக்காகத்தான் மாமா என்னை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று நான் அவளிடம் புகார் சொன்னேன். அம்மா தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, என் கால்சட்டைப் பையை வெளியே இழுத்து, நசுங்கிய உருண்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் வெகுநாள் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.